மடக்குக்கத்திக்காக என்னைச் சாகடித்தவர்

சங்கரா,

நீ கேட்டுக்கொண்டபடி ராமசுப்பு காலையிலேயே வந்துவிட்டார். உன் கோமதிக்குத் தாய்மாமா, உன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கப்போகிற பெரிய மனிதர், இப்போது நம் வீட்டு முன்ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஸ்டூல். ஸ்டூலில் நீலக்கட்டம் போட்ட துண்டு. துண்டின் மேல் அந்த மடக்குக்கத்தி. அதை நான் கையில் எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது, கல்யாண வேலையைப் பார்க்கலாம் என்று நேற்று போனில் சொன்னாய். நான் எடுக்கவில்லை. "கொஞ்சம் இருங்க, மகனுக்கு ஒரு லெட்டர் எழுத வேண்டியதிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அவரால் எழுந்து போகவும் முடியாது. கத்தி சேகரிக்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குத் தெரியும், நீ அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாய். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் பகை வரும். கொடுக்கிறவர் துண்டை விரித்து அதன் மேல் வைப்பார். வாங்குகிறவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கிற வரைக்கும் வைத்தவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அது கொடுத்ததில் சேராது, கீழே போட்டுவிட்டுப் போனதில்தான் சேரும். ராமசுப்புவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இருமுகிறார், போகவில்லை. உன் அப்பா இரண்டாம் தடவை காபி கொடுத்திருக்கிறார். சர்க்கரை போடாமல் கொடுங்கள் என்று சொன்னேன். போட்டுத்தான் கொடுத்திருப்பார், அவருக்கு யாரையும் வதைக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எங்கள் குழுவிலும் போடப்போகிறேன். உனக்கு எழுதுவதுதான், ஆனால் ஒளிவு மறைவு இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா என் மானத்த வாங்குத? போயும் போயும் ஒரு பழைய கத்திக்கா?" என்றாய். கோமதி சாப்பிடாமல் அழுகிறாள் என்றாய். தாய்மாமா வந்து நிற்காவிட்டால் மணமேடை ஏற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள் என்றாய். அவள் சொன்னது சரி. தகப்பன் இல்லாத பெண்ணைப் படிக்க வைத்தவர் அவர். அந்த நன்றி அவளுக்கு இருப்பதால்தான் எனக்கு அவளைப் பிடிக்கிறது. ஆக, உன் கல்யாணம் நடக்க வேண்டுமானால் இவரும் நானும் ஒரே மண்டபத்தில் முகம் பார்த்து நிற்க வேண்டும். நிற்கிறேன். எப்படி நிற்பேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த "போயும் போயும்" என்ற வார்த்தைக்குப் பதில் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்பு எடுத்த காலத்தில் பையன்களிடம் பிடுங்கிய பேனாக்கத்திகள் என் மேஜை டிராயரில் கிடக்கும். பென்சில் சீவ, மாங்காய் கீற, பெஞ்சில் பெயர் செதுக்க என்று ஆளுக்கொன்று கொண்டுவருவான்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போ என்பேன். அப்பாவுக்குப் பயந்து பாதிப் பேர் கத்தியையே மறந்துவிடுவான்கள். ஒரு வருஷம் பள்ளிக்கூடம் அடைக்கிற சமயத்தில் டிராயரைக் காலி செய்யும்போது, முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒன்று கையில் சிக்கியது. சுண்டுவிரல் நீளம். நகத்தை வைத்து இழுத்தால் அலகு டக்கென்று வந்து நிற்கும், தட்டினால் டக்கென்று உள்ளே போகும். அந்தச் சத்தத்துக்காகவே திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பையனின் வீட்டைத் தேடிப் போய்க் கொடுத்தபோது அவன் அப்பா, "சும்மாதான் கெடந்துச்சு, டீச்சரே வச்சுக்கிடுங்க" என்றார். அன்று பிடித்த கிறுக்கு இது. மற்ற பெண்கள் பட்டுப்புடவையைத் தடவிப் பார்ப்பது போல நான் எலும்புப் பிடியைத் தடவிப் பார்ப்பேன். உன் அப்பா ஒரு நாளும் கேலி செய்ததில்லை. கத்திகளுக்குப் போடுகிற தையல் மிஷின் எண்ணெய் தீர்ந்தால் அவரே வாங்கி வருவார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் என்னைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பஸ் கண்டக்டராக இருந்தவர், ஜெராக்ஸ் கடைக்காரர், நகைப் பட்டறை வைத்திருக்கிறவர் என்று ஒரு சின்னக் கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிபன் கடை மாடியில் கூடுவோம், மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப். புதிதாக ஒரு கத்தி கண்ணில் பட்டால், அதைத் தன் துண்டின் மேல் வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். ஆளுக்கொரு துண்டு. என்னுடையது நம் ஊர்த் தறியில் நெய்த நீலக்கட்டம். படத்தைப் பார்த்ததும் யார் கண்டுபிடித்தது என்று தெரிந்துவிடும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே மாதிரி. ஒருவர் துண்டு விழுந்த கத்தியைத் தேடி இன்னொருவர் போகக் கூடாது. எவ்வளவு ஆசை இருந்தாலும் "ஆஹா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ராமசுப்புவும் அந்தக் குழுவில்தான் இருந்தார். "டீச்சர் கண்ணு யாருக்கு வரும்!" என்று நான் போடுகிற ஒவ்வொரு படத்துக்கும் கும்பிடு போடுவார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

புளியங்குடிக்கு ஊறுகாய்ப் பழம் வாங்கப் போயிருந்தேன். எலுமிச்சைச் சந்தையில் மைதீன் பாய் கமிஷன் கடை. பாய் ஒரு மூட்டையின் தையலை அறுத்து, ஒரு பழத்தை எடுத்து இரண்டாகக் கீறி, சாறு எப்படி இருக்கிறது பாருங்கள் என்று பிழிந்து காட்டினார். நான் பழத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்தது இரண்டு அலகு மடக்குக்கத்தி. எலும்புப் பிடி வியர்வை குடித்து மஞ்சளேறியிருந்தது. பெரிய அலகு கரேலென்று, கருப்புக்குள் நீலம் ஓடிக் கிடந்தது. வருஷக்கணக்கில் எலுமிச்சைச் சாறு குடித்த இரும்புக்குத்தான் அந்த நிறம் வரும். தேய்த்தால் ஒரு நொடியில் போய்விடும், எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கேட்டேன். "வாப்பா கொளும்புல இருந்து கொண்டாந்தது டீச்சர். தம்பி சவுதில இருக்கான், அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன். குடுத்தா உங்களுக்குத்தான், இன்ஷா அல்லா" என்றார். அந்த மூட்டையின் மேலேயே என் துண்டை விரித்து, கத்தியை வைத்து, படம் எடுத்து, சந்தோஷம் தாங்காமல் அங்கேயே நின்று குழுவில் போட்டேன். மூட்டையில் பச்சை மையில் அடித்திருந்த பாயின் கடை முத்திரை படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ராமசுப்பு பார்த்திருக்கிறார்.

அடுத்த வாரம் நான் போனபோது மைதீன் பாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். கையில் இருந்த பழம் உருண்டு ரோட்டுக்குப் போனது.

"யா அல்லா. டீச்சரா?"

"ஏன் பாய், வரக் கூடாதா?"

"நீங்க மௌத்தாயிட்டீயன்னுல்லா சொன்னாவ!"

பக்கத்துக் கடைக்காரர் வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். பூ விற்கிற பெண் ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. பாய் நடந்ததைச் சொன்னார். "ஒருத்தர் வந்தாரு டீச்சர். நெசமாவே அழுதாரு. நெஞ்சு வலி வந்து போயிட்டாவ, கடைசியா ஒங்க கத்தியத்தான் கேட்டாவ, பக்கத்துல வச்சு அனுப்பணும்னு அவுக மகன் ஆசப்படுதான்னு சொன்னாரு. நான் எப்படி டீச்சர் காசு வாங்க? தம்பிட்டகூடக் கேக்கல. துணியில சுத்திக் குடுத்துட்டேன்." மூட்டை தூக்குகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து எனக்காகக் கொஞ்ச நேரம் நின்றார்களாம். அழுதவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். முன்பல்லில் இடைவெளி, காதோரம் மரு என்றார். வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏலே சங்கரா, இப்போது சொல். இது கத்தி விஷயமா? திருடியிருந்தால் திருடன் என்று விட்டிருப்பேன். கூட விலை சொல்லி வாங்கியிருந்தால் வயிறு எரிந்துவிட்டு ஓய்ந்திருப்பேன். இவர் உட்கார்ந்து என் சாவை யோசித்திருக்கிறார். எந்த நோய், என்ன வேளை, கடைசி வார்த்தை என்ன, மகன் என்ன கேட்டான் என்று எல்லாவற்றையும் பஸ்ஸில் வரும்போதே ஜோடித்திருக்கிறார். உன்னையும் அதில் ஒரு ஆளாகச் சேர்த்திருக்கிறார். இப்போது நீ அவருக்காக என்னிடம் சிபாரிசு பேசுகிறாய். அன்று பழம் வாங்காமல் திரும்பினேன். பஸ்ஸில் அழுதேன், ஆத்திரத்தில் வருகிற அழுகை. வீட்டுக்கு வந்து குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: "நான் சாகவில்லை." ராமசுப்பு அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினார். அதன்பின் போனை எடுக்கவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று அவர் வெளியூரில் இருந்தார். கோமதியின் அம்மா ஆல்பத்தைப் புரட்டி, "இதுதான் எங்க அண்ணன், இவுகதான் எங்களுக்கு எல்லாம்" என்று ராமசுப்புவின் படத்தைக் காட்டினார். நான் மைசூர்பாகை மென்றுகொண்டே "ரொம்ப சந்தோஷம்" என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். நீ அன்று என் முகத்தைப் பார்த்து, அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று நினைத்தாய். பெண்ணையும் பிடித்திருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் குழு மொத்தத்தையும் அழைத்தேன். புளியங்குடிக்கு நானே போய் மைதீன் பாய்க்கும் பத்திரிகை வைத்தேன். தாய்மாமன் இல்லாமல் நிச்சயம் நடக்காது, ராமசுப்புவும் வந்துதான் ஆக வேண்டியிருந்தது. பெண்ணின் தாய்மாமனுக்கு நம் வீட்டுச் சார்பில் துண்டு போர்த்த வேண்டும் என்று உன் அப்பா சரிகைத் துண்டு வாங்கி வைத்திருந்தார். நேரம் வந்தபோது நான் என் பையில் இருந்து நீலக்கட்டத் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டேன். அன்று எலுமிச்சை மூட்டையில் பட்ட கறையோடு துவைக்காமல் வைத்திருந்தேன். சபையில் இருந்தவர்களுக்கு அது ஒரு சாதாரணத் துண்டு, மாப்பிள்ளை வீட்டார் கஞ்சர்கள் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமசுப்புவின் முகம் வெளுத்துப்போயிற்று. பந்தியில் அவரை மைதீன் பாய்க்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அது சத்தியம். சாம்பார் வாளியோடு நின்றேன், அவ்வளவுதான். பாய்தான் இலையிலிருந்து நிமிர்ந்து, "ஏ அய்யா, நீருதானவே டீச்சரு மௌத்துன்னு என் கடையில வந்து அழுதது? அந்தா ஒமக்குப் பின்னால டீச்சரு நிக்காவ, திரும்பிப் பாரும்!" என்றார். திரும்பினார். "சாம்பார் போடட்டுமா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்குச் சாப்பிட்டது மாதிரி வயிறு நிறைய நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

நான் மறக்கிற ரகம் இல்லை என்பது உனக்குப் புதிதும் இல்லை. என் கல்யாணத்தில் உன் அப்பாவின் சித்தப்பா, பாயசம் தண்ணீராக இருக்கிறது என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னார். பாயசம் வைத்தது என் அம்மா. இன்றைக்கும் அவர் நம் வீட்டுக்கு வந்தால் அவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் எடுத்த பாயசத்தில் ஒரு செம்புத் தண்ணீர் விட்டுத்தான் கொடுக்கிறேன். அவரும் குடித்துவிட்டுப் போகிறார். கோபத்தை இப்படி அளவாக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் குடும்பம் நடத்தலாம். கோமதிக்கு உன் மேல் கோபம் வரும்போது "விடு, மறந்துவிடு" என்று மட்டும் சொல்லாதே. அப்படிச் சொல்கிறவனைப் பார்த்தாலே இன்னும் நாலு பங்கு கோபம் வரும். உன் அப்பா என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, அதனால்தான் பிழைத்தார்.

இன்னொன்று. நீ சின்னப் பையனாக இருந்தபோது என் டிராயரில் இருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துத் தெருத் தறிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூலை அறுத்தாய். எப்படி அறுகிறது என்று பார்க்க ஆசை. கேட்டபோது உன் வயதுப் பையன் செல்வத்தின் மேல் பழியைப் போட்டாய். தறிக்காரர்கள் முன்னால் அவன் அப்பா அவனை அடித்தார். உண்மை எனக்குத் தெரிந்ததும், செல்வத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று அழுதாய். நான் விடவில்லை. கையைப் பிடித்து அந்தத் தறிக்கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனேன். தறிகளை நிறுத்தச் சொன்னேன். அந்த இரைச்சல் அடங்கியதும், எல்லோர் முகமும் உன்னைப் பார்த்ததும், உன் வாயால் சொல்ல வைத்தேன். ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நீ. ஆனால் செல்வம் இன்றைக்கும் உன் கூட்டாளி, கல்யாணத்தில் உனக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன்தானே? பொய்யை எந்த இடத்தில் சொன்னோமோ அந்த இடத்தில் போய்த்தான் திரும்ப எடுக்க வேண்டும். வீட்டு ஹாலில் வைத்து எடுக்க முடியாது. நாளைக்குக் கோமதியை நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்லிவிட்டால், படுக்கையறையில் போய்ச் சமாதானம் பேசாதே. அந்த நாலு பேரையும் மறுபடி கூட்டு.

எழுதுவதை நிறுத்திவிட்டு முன்ஹாலுக்குப் போய் வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார்.

"தப்புதான் டீச்சர். ஆச கண்ண மறச்சிட்டு. எடுத்துக்கிடுங்க. பிள்ளைக கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

அப்போதுதான் கத்தியைக் கிட்டத்தில் பார்த்தேன். பெரிய அலகைத் திறந்து வைத்திருந்தார். புது ஸ்பூன் மாதிரி மின்னியது. அந்தக் கருப்பும் இல்லை, நீலமும் இல்லை.

"ஏன் இப்படி மினுங்குது?"

"ஒங்களுக்குக் குடுக்கப் போறோமேன்னு பாலிஷ் போட்டுக் கொண்டாந்தேன் டீச்சர்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கத்தி என் கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. உன் அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"பாய் இத யாருக்குக் குடுத்தாரு?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான்."

"செத்துப்போன டீச்சருக்குக் குடுத்தாரு. நான் உசுரோட இருக்கேன். எனக்கு எப்படிய்யா இது சேரும்? செத்தவதான் எடுக்கணும், செத்தவ எப்படி எடுப்பா?"

அவர் துண்டின் நுனியை மடித்து மடித்து விரித்தார்.

"எந்தச் சந்தையில என்னக் கொன்னீரோ அங்கன போய் எழுப்பும். மூட்ட தூக்குதவன், பூக்காரி, பக்கத்துக் கடைக்காரன் எல்லாரும் இருக்கணும். பாய் கட முன்னால இதே துண்ட விரிச்சு வச்சு, நான் சொன்னது பொய்னு சொல்லும். பாய் எடுக்குத வரைக்கும் அங்கனயே உக்காரும்."

"பாய் எடுக்கலேன்னா?"

"நான் கூடவே இருக்கேன். எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல."

உன் அப்பாவைப் பார்த்தார், காப்பாற்றுவார் என்று. உன் அப்பா அவர் தோளைத் தட்டி, "போயிட்டு வந்திருங்க அண்ணாச்சி. நான் இவளோட இத்தன வருசம் இருக்கேன், சொல்லுதேன், வேற வழி இல்ல" என்றார்.

கோமதியிடம் சொல். அவள் மாமா கல்யாணத்துக்கு வருவார். மாலை எடுத்துக் கொடுப்பார். அந்தச் சரிகைத் துண்டை நானே அவருக்குப் போர்த்துவேன், முதல் பந்தியில் உட்கார வைத்து நானே பரிமாறுவேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் அவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒருவேளை பாய் மனம் இளகி, டீச்சர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாலும் அந்தக் கத்தியை வாங்க மாட்டேன். அது மறுபடி எலுமிச்சைக்குத்தான் போக வேண்டும். பாய் தினமும் பழம் கீறட்டும். அந்தக் கருப்பு திரும்பி வருகிற காலத்தில் நான் இருக்கிறேனோ இல்லையோ, உன் பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். சாயங்காலம் சந்தை களைகட்டும், இப்போது பஸ் ஏறினால் சரியாக இருக்கும். ராமசுப்பு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, துண்டோடு கத்தியை இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிறார். பாயிடம் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டேன், ஆட்களைப் பிடித்து வைத்திருப்பார். நான் செத்தேன் என்று அந்த இடத்தில் நின்று அழுதாரே, நான் பிழைத்திருக்கிறேன் என்றும் அங்கேயே நின்று அழட்டும்.

உயிரோடு இருக்கும்,
உன் அம்மா